பூனை சாத்திய கதவு

கடப்பாரையோடு வந்த பக்கத்து வீட்டுக்காரரை அவள் இரண்டு கைகளையும் விரித்துத் தடுத்தாள்.

“வேண்டாங்க! அப்பா கதவை ஒட்டித்தான் கிடக்கிறாரு. இடிச்சா அவர் மேலதான் விழும்.”

அறைக்கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவுக்கடியில் இருந்த இடுக்கில் அப்பாவின் விரல்நுனிகள் தெரிந்தன. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. வந்துதான் என்ன, கதவு திறக்க வேண்டாமா?

“மார்க்கெட் முனையில ஒரு பூட்டுக்காரர் இருக்காரு. கூட்டிட்டு வரட்டுமாம்மா?”

அந்தப் பூட்டுக்காரரை அவளுக்குத் தெரியும்.

“கூட்டிட்டு வாங்க” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

போன வாரம்தான் அவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். “ஏட்டு இருக்கானாம்மா? பூனை வந்திருக்கேன்னு சொல்லு, போதும்.”

பூனையைத் தெரியாமலா? அப்பாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். பிறகு அப்பா காக்கிச் சட்டை போட்டார். பூனை ஊரார் வீட்டுக் கதவைத் திறந்தார். எந்தப் பூட்டையும் உடைக்க மாட்டார். போகும்போது கதவை ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போவார். திறந்து கிடந்தால் நாய் நுழைந்துவிடுமாம்! சின்ன வயதுப் பழக்கம். அது அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். களவு போன ஒரு வீட்டில் கதவு சாத்தியிருந்ததைப் பார்த்ததுமே இது யார் வேலை என்று சொல்லிவிட்டார். கோர்ட்டிலும் ஏறிச் சொன்னார். பூனையின் நல்ல வயசெல்லாம் ஜெயிலில் போயிற்று.

இப்போது பழி தீர்க்கத்தான் வந்திருப்பாரோ என்ற பயம் அவளுக்குப் பாதி. அக்கம்பக்கம் என்ன பேசும் என்ற கூச்சம் மீதி. “அப்பா தூங்குறாரு” என்றாள். பேசும்போதே அவள் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. அவர் அதைப் பார்த்தார். பார்க்காதவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

“போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போங்க.”

மறுபடி வந்தபோதும் அதே பொய்தான்.

அப்பாவோ சாயங்காலமானால் ஒரே கேள்வி. “பூனை மார்க்கெட்ல கடை போட்டிருக்கானாம். இந்தப் பக்கம் வந்தானா?”

“யாரும் வரலப்பா.”

நேற்றும் அப்படித்தான் சொன்னாள். “வரமாட்டான். எந்த முகத்தோட நான் அவனை எதிர்பாக்குறேன்?” என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், காலையில் எழுந்து அறைத் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டார்.

பூட்டுக்காரர் வந்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கதவின் முன் மண்டியிட்டு, மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் செருகினார். குழந்தைக்குக் காது குடைவது போல அவ்வளவு பதமாக அசைத்தார். துளிச் சத்தம் இல்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “சத்தமே காணோமே… பூனையாடா?”

“ஆமாண்டா. கொஞ்சம் நகரு. இடிச்சுட்டேன்னா அதுக்கும் ஒரு கேஸ் போட்டுடுவ.”

சிரிப்பும் இருமலும் சேர்ந்து கேட்டன. விரல்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தன. கதவு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. அவர் உள்ளே போய் அப்பாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏன்டா இத்தனை நாள் வரல?”

அவள் தண்ணீர் டம்ளரோடு அறை வாசலில் நின்றாள். அவர் அவளை ஒரே ஒரு தரம் பார்த்தார்.

“உன் மேல கோபம்டா. அதான் வரல.”

“கோபம் இருக்கத்தானே செய்யும்…” அப்பாவின் கண் நிறைந்தது. “நான்தானே காட்டிக் கொடுத்தேன்.”

“கண்ணால பார்த்ததைச் சொன்ன. விடு. அதான் வந்துட்டேன்ல?”

‘அவர் வந்தாருப்பா, நான்தான் திருப்பி அனுப்பினேன்.’ சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரட்டும், ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெளியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று விழுங்கினாள். குனிந்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாள். பாதி உள்ளே போனது. மீதி கடைவாயில் வழிந்தது. அதைப் பூனைதான் தன் சட்டை நுனியால் துடைத்தார்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

சுடுகாட்டில் எல்லாம் முடித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்தார்கள். பூனை தன் தகடுகளைப் பையில் எடுத்து வைத்தார். அவள் அருகில் போய் நின்றாள்.

“சித்தப்பா…”

அவர் பையைத் தோளில் மாட்டினார்.

“தாழ்ப்பாள் கொஞ்சம் ஆடுதும்மா. நெம்பினேன்ல. ஒரு நாள் வந்து சரி பண்ணித் தரேன்.”

படியிறங்கிப் போனார். கேட்டைத் தாண்டியதும் திரும்பி நின்று, சத்தமே வராமல் அதைச் சாத்திவிட்டுத் தெருவோடு நடந்தார்.

அவள் வெறுங்காலோடு ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்தாள். காற்றில் அது மறுபடி சாத்திக்கொள்ளப் பார்த்தது. தோட்டத்து ஓரத்திலிருந்து ஒரு செங்கல்லைத் தூக்கி வந்து அண்டக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.