அவரவர் முடிச்சு

எங்கள் படகில் ஒரே சட்டம்தான். அவரவர் தூண்டிலை அவரவரே கட்ட வேண்டும், முடியாதவன் ஏறக்கூடாது. சட்டம் போட்டது என் அண்ணன். படகும் அவனுடையது, வாயும் அவனுடையது.

அவனே அன்று காலை ஒரு டப்பாவோடு என் அறைக்கு வந்தான். உள்ளே பத்துத் தூண்டில், நைலான் நரம்பில் கட்டி வரிசையாக இருந்தன.

"உனக்கும் சேத்து நானே கட்டிட்டேன்டா. நீ சும்மா வந்து உக்காரு. காத்து வாங்கின மாதிரி இருக்கும்."

ஆறு மாதத்துக்கு முன் நங்கூரம் இழுக்கும் வின்ச் கயிற்றில் சிக்கி என் வலது கட்டைவிரல் போயிற்று. அதன்பின் இதுதான் முதல் பயணம். காற்று வாங்க மொட்டைமாடி போதாதா? இன்று சும்மா உட்கார்ந்தால் அடுத்த முறை என் இடத்தில் வேறு ஆள் நிற்பான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இடது கையால் கத்தியை எடுத்து அவன் போட்ட முடிச்சு பத்தையும் அறுத்துத் தள்ளினேன்.

"பைத்தியமா பிடிச்சிருக்கு உங்களுக்கு?" என்று கத்தினாள் மனைவி. பிறகு அவளே அலமாரியிலிருந்து தடித்த நரம்பை எடுத்து நீட்டினாள். "இதையாவது கட்டுங்க. பிடிக்க வாகா இருக்கும்."

"தண்ணி தெளிஞ்சு கிடக்கு. இந்தக் கயித்தப் பாத்தா மீன் சிரிச்சிட்டுப் போயிடும். மெல்லிசக் குடு."

நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, ஐந்து சுற்று சுற்றி, வளையத்துக்குள் நுழைத்து, எச்சில் தொட்டு இறுக்கினேன். முதல் முடிச்சு நழுவியது. மூன்றாவதில் தூண்டில் முள் உதட்டைக் கிழித்தது. மனைவி துண்டை எடுத்து வந்தாள், வேண்டாமென்று தலையாட்டினேன்.

"நேரமாச்சுடா," என்றான் அண்ணன்.

"கடல் எங்கயும் ஓடிடாது."

பத்தும் முடிந்ததும் அவன் ஒரு தூண்டிலை எடுத்து ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்துப் பார்த்தான். எங்கள் படகில் ஒருவன் முடிச்சை இன்னொருவன் இழுத்துப் பார்த்ததே இல்லை. அது முகத்தில் துப்புவதற்குச் சமம். அவனோ பத்தையும் இழுத்தான். ஒன்றும் அசையவில்லை.

"சரி, வா."

"இரு. உன் டப்பாவ எடு."

"எதுக்கு?"

"எடுண்ணே."

முறைத்தான். நானும் முறைத்தேன். கடைசியில் தன் டப்பாவை மேசைமேல் வைத்தான். அவன் தூண்டில்களை ஒவ்வொன்றாகக் கம்பியில் மாட்டி, இருக்கிற நாலு விரலால் இழுத்தேன். அவசரமே படவில்லை. எல்லாம் நின்றன.

"பரவாயில்ல," என்றேன். "நீயும் வரலாம்."