காலியாகாத தட்டு

அண்ணன் வீட்டு விடுமுறை விருந்துக்குத் தம்பி சண்டைக்குப் போகிறவன் மாதிரிதான் கிளம்பினான். சிரிக்க வேண்டாம். போன மழைக்காலத்தில் கணையம் வீங்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தவன் அவன். இன்னொரு தடவை எண்ணெயும் கொழுப்புமாக வயிறு முட்டத் தின்றால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லியிருந்தார். அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. அதனால் விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. அளவுக்கு மீறி ஆள் ஏறினால் லிஃப்டில் மணியாவது அடிக்கும், வயிற்றில் அதுவும் கிடையாது.

ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தாள். ஒரு வாய் எடுத்ததும் கையைக் கீழே வைத்துவிட வேண்டும். நன்றாக மென்று விழுங்கிவிட்டு, இன்னும் பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்ட பிறகே அடுத்த வாய். இதோடு அவனாகக் கண்டுபிடித்த தந்திரம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. அண்ணி காலித் தட்டைத்தான் நிரப்புவாள். தட்டு காலியாகாமலே இருந்தால் என்ன செய்வாள்?

"வேண்டாம்னு மட்டும் வாயைத் தொறந்து சொல்லிடாதீங்க. போன வருஷம் நான் சொன்னதை இன்னும் குத்திக் காட்டுறாங்க," என்றாள் மனைவி, மாடிப்படி ஏறும்போது.

அவர்கள் உள்ளே வந்ததும் அண்ணி கதவைத் தாழிட்டாள். சாப்பிடும்போது யாராவது வந்தால் கண் பட்டுவிடுமாம். சோறு ஆறிவிடும் என்று ஜன்னல்களையும் சாத்தியிருந்தாள். அறை முழுக்க வறுத்த இறைச்சியின் புகை அடைத்துக்கொண்டு நின்றது. மேஜைக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். வலது காலில் துணிக்கட்டு. சர்க்கரை நோய் இந்த வருஷம் ஒரு விரலைக் கொண்டுபோயிருந்தது.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. கடைசி ஆள் தட்டைத் துடைக்கிறவரை யாரும் எழக் கூடாது, ஒரு பருக்கை மீதி வைக்கவும் கூடாது. செத்துப்போன அப்பா போட்ட சட்டம். அண்ணி கல்யாணமாகி வந்த முதல் நாளே, அழ அழ அவளை உட்காரவைத்துத் தட்டைக் காலி செய்ய வைத்தவர் அந்த மனுஷன். அவர் போனதும் கரண்டி அண்ணியின் கைக்கு வந்தது. அவரைவிட இவள் கை தாராளம்.

தம்பி ஒரு வாய் எடுத்தான், கையைக் கீழே வைத்தான், மென்றான்.

"என்ன தம்பி, சோத்தை எண்ணி எண்ணிச் சாப்பிடுறீங்க?" என்றாள் அண்ணி.

"ருசிச்சுச் சாப்பிடுறேன் அண்ணி. அவசரப்பட்டா உங்க கைப்பக்குவம் தெரியாமப் போயிடுமே."

அண்ணிக்கு வாயெல்லாம் பல். பலே என்று தனக்குத்தானே முதுகில் தட்டிக்கொண்டான் தம்பி. மனைவியும் லேசுப்பட்டவள் அல்ல. அவனைப் பார்த்து அவளும் கடைசிப் பிடியை விரலால் அளைந்துகொண்டே இருந்தாள். இரண்டு தட்டிலும் சோறு இருந்தது. அண்ணியின் கரண்டிக்கு அங்கே வேலையே இல்லை.

கரண்டி அண்ணன் பக்கம் போனது.

அண்ணன் எப்போதும் வேகமாகச் சாப்பிடுகிறவன். தலையைத் தூக்காமல் அள்ளி அள்ளிப் போட்டு முடித்துவிட்டான். தட்டு பளிச்சென்று ஆன மறுநொடி சோறு, இறைச்சி, குழம்பு எல்லாம் மறுபடி விழுந்தன. அதையும் முடித்தான். மறுபடி விழுந்தது, இந்தத் தடவை இனிப்போடு. அவன் நெற்றியில் வேர்வை பொடித்து மூக்கு வழியாகச் சொட்டியது. தம்பி கரண்டிக்குக் குறுக்கே கையை நீட்டினான்.

"அண்ணி, அண்ணனுக்குப் போதுமே. சர்க்கரை இருக்கு."

அண்ணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"தினம் ஊசி போட்டுவிடுறது யாரு? நான். புண்ணைக் கழுவுறது யாரு? அதுவும் நான். வருஷத்துல ஒரு நாள் வந்து உக்காந்துட்டு நீங்க சொல்றீங்களா?" நிதானமாகக் கரண்டியைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க முதல்ல முடிங்க தம்பி. உங்களுக்காகத்தானே எல்லாரும் உக்காந்திருக்கோம்."

அப்போதுதான் உறைத்தது. அவன் மென்று மென்று உட்கார்ந்திருக்கும்வரை அண்ணனும் எழ முடியாது. எழ முடியாதவன் தட்டு காலியாக இருக்கவும் முடியாது. தன் உயிரைக் காப்பாற்ற அவன் போட்ட கணக்கு கூடப் பிறந்தவன் தலையில் விடிந்திருந்தது. வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "எனக்குப் போதும். எல்லாரும் கை கழுவலாம்."

அண்ணி அவன் தட்டைக் கையில் எடுத்தாள். அண்ணன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

"உக்காருடா. நீ எந்திரிச்சா அதுவும் எனக்குத்தான்டா வரும்."

"பின்னே, வீணாக்கவா முடியும்?" என்று சிரித்தாள் அண்ணி. தட்டு அண்ணன் தட்டின் மேல் சாயத் தொடங்கியிருந்தது.

"இங்க குடுங்க!" தம்பி அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். மனைவி மேஜைக்கு அடியில் அவன் தொடையைக் கிள்ளினாள். அவன் பொருட்படுத்தவில்லை. கையைக் கீழே வைக்கவில்லை, வயிற்றைக் கேட்கவில்லை. கொழுப்பும் குழம்புமாக அள்ளி விழுங்கினான். சீக்கிரம் முடித்தால் எல்லாரும் எழுந்துவிடலாம், அண்ணன் தப்பிப்பான், அது ஒன்றுதான் மனதில் ஓடியது. விலாவுக்குக் கீழே அந்தப் பழைய வலி மெல்ல இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. கடைசிப் பருக்கையையும் வழித்து வாயில் போட்டுத் தட்டை அண்ணிக்குக் காட்டினான்.

அண்ணியின் முகம் மலர்ந்தது. கண்கூடக் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா? இப்பதான் உங்களுக்குப் பசியே எடுத்திருக்கு," என்று சொல்லி, அவன் வேண்டாம் என்பதற்குள் தட்டு நிறையப் போட்டாள். பிறகு, துணைக்குச் சாப்பிடட்டும் என்று அண்ணன் தட்டிலும் போட்டாள்.

அண்ணன் மேஜைமேல் குனிந்து, அண்ணிக்குக் கேட்காத குரலில் சொன்னான்: "சீக்கிரம் முடிடா. முடிச்சா விட்டுடுவாங்க."

சின்ன வயதில், அப்பா எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் இதையேதான் சொல்வான். தம்பி அடுத்த வாயை மெல்லாமல் விழுங்கினான்.