வெளியே வராத மூச்சு

அவசர சிகிச்சைப் பிரிவின் ஹெட் சிஸ்டருக்கு மிளகாய் என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்வதால் அவளுக்குத் தெரியாது என்று எல்லோருக்கும் நினைப்பு. தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டாள், ஏனென்றால் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. உயிருக்கு ஊசலாடுகிறவனை ஸ்ட்ரெச்சரில் போட்டுவிட்டு, "இங்க வண்டிய எங்க நிறுத்துறது?" என்று அவளிடமே கேட்கிற ஜனங்களைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துவிட்டாள். கோபம் மூக்குக்கு மேல் வராமல் வேறு எங்கே வரும்?

அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. பின் சீட்டிலிருந்து முப்பது வயதுப் பெண் ஒருத்தியை அவள் கணவரும் தங்கையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இறக்கினார்கள். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. டியூட்டி டாக்டர் அவள் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இடம் மாற்றி வைத்துக் கேட்டார்.

"சத்தமே இல்ல சிஸ்டர்," என்றார்.

ஆஸ்துமாவில் விசில் சத்தம் கேட்டால் காற்று எப்படியோ இடுக்கில் புகுந்து போய்வருகிறது என்று அர்த்தம். சத்தமே இல்லையென்றால் காற்று நின்றுவிட்டது என்று அர்த்தம். மிளகாய்க்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊசி ஏற்றிக்கொண்டே தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"எத்தனை வருஷமா ஆஸ்துமா?"

"சின்ன வயசுலேர்ந்து," என்றாள் தங்கை.

"இன்ஹேலர் எங்க?"

தங்கை அக்கா புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"காதுல விழலையா? இன்ஹேலர் எங்கன்னு கேக்குறேன்."

"பீரோல வச்சுப் பூட்டிட்டாரு சிஸ்டர்." தங்கை அக்கா புருஷனைக் கை காட்டினாள். "அது பழக்கமாயிடும், அப்புறம் அது இல்லாம மூச்சே விட முடியாதுன்னு யாரோ போன்ல அனுப்பினாங்களாம். ரெண்டு வாரமா சாவி மாமாகிட்டதான் இருக்கு. அக்கா எட்டரைக்கே போன் பண்ணிச்சு. வெந்நீர் குடிச்சுட்டுப் படுன்னு சொல்லிட்டு ஆபீஸ்ல உக்காந்துட்டாரு. நான் போய்ப் பார்த்து அவரைக் கூப்பிடலன்னா..."

மேற்கொண்டு கேட்க நேரமில்லை. இருவரையும் திரைக்கு வெளியே தள்ளினார்கள். டாக்டர் மயக்க மருந்து கொடுத்து, தொண்டை வழியாகக் குழாயை இறக்கினார். அவருக்கு இருபத்தெட்டு வயதுதான், ஆனால் தேர்ந்த கை. ஒரே முயற்சியில் குழாய் உள்ளே போயிற்று. அந்தப் பிரிவில் இருந்த ஒரே வென்டிலேட்டர் மூன்றாம் கட்டில் தாத்தாவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து இன்னொன்று வரவேண்டும். அது வரும் வரை குழாயின் முனையில் ரப்பர்ப் பையை மாட்டி, கையால் அழுத்தித்தான் மூச்சுக் கொடுக்க வேண்டும். ஆஸ்துமாக்காரிக்குப் பை அழுத்துவதை வேறு யாரையும் நம்பி விடமாட்டாள் மிளகாய். அவளே வாங்கிக்கொண்டாள்.

அதற்கு ஒரு கணக்கு உண்டு. இந்த நோயில் காற்றை உள்ளே அனுப்பிவிடலாம், வெளியே வருவதுதான் பாடு. அதனால் ஒரு தரம் அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். எட்டு வரை எண்ண வேண்டும். நெஞ்சு முழுசாகத் தணிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த அழுத்து. போன மாதம் ஒரு புது சிஸ்டர் பதற்றத்தில் வேகமாக அழுத்தியதற்கு, "இது என்ன சைக்கிளுக்குக் காத்தடிக்கிற வேலையா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தி, அந்தப் பெண்ணைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியடியில் நின்று அழ வைத்தவள் மிளகாய்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணியபடி ஆரம்பத்தில் சரியாகத்தான் அழுத்தினாள். நாலைந்து நிமிஷம் போயிருக்கும். திரை விலகியது. கணவர் தலையை நீட்டினார்.

"சிஸ்டர், ஒண்ணும் ஆகாதுல்ல? நான் அவ நல்லதுக்குத்தான் பூட்டி வச்சேன்."

நல்லதுக்கு! அந்த ஒரு சொல் போதும் மிளகாய்க்கு. உச்சந்தலை வரை விறுவிறுவென்று ஏறியது.

"நல்லதுக்கா? ரெண்டு வாரம் உங்க மூக்கைப் பொத்தி வைக்கட்டுமா, உங்க நல்லதுக்கு? போன்ல எவனோ அனுப்புவான், அதை வேதவாக்கா எடுத்துப்பீங்க. மூச்சு முட்டுதுன்னு கட்டின பொண்டாட்டி சொன்னா மட்டும் நம்ப மாட்டீங்க, இல்ல? கண் கண்ணாடி பழக்கமாயிடும்னு கழட்டிப் பூட்டுவீங்களா? சோறு பழக்கமாயிடும்னு அடுப்பைப் பூட்டுவீங்களா?"

"அப்படி இல்லைங்க சிஸ்டர்..."

"எப்படி இல்ல? அவங்க மூச்சுக்கு நீங்க யாரு வாட்ச்மேன்?"

வாய் ஓடிய ஓட்டத்தில் எண்ணிக்கை எங்கே போயிற்றென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அழுத்து, சில கேள்விக்கு இரண்டு. பார்வை முழுக்கத் திரைப்பக்கம் இருந்தது. கையில் பை கெட்டியாகிக்கொண்டே வந்ததைக் கை சொன்னது, கோபத்தில் யார் கேட்டார்கள்?

மானிட்டர் அலறியது. இரத்த அழுத்தம் தொண்ணூறுக்கு இறங்கியது, அறுபதுக்கு இறங்கியது. பிறகு எண்ணே காட்டவில்லை. டாக்டர் பாய்ந்து வந்து கழுத்தைத் தொட்டார்.

"பல்ஸ் இல்ல!"

புது சிஸ்டர் கணவரை வெளியே தள்ளித் திரையை இழுத்தாள். டாக்டர் இரண்டு கையையும் கோர்த்து நோயாளியின் நெஞ்சை அமுக்கத் தொடங்கினார். "அட்ரினலின் குடுங்க! சிஸ்டர், நீங்க அழுத்துங்க, நல்லா அழுத்துங்க!"

மிளகாய் அழுத்தினாள். பை மசியவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். கல்லை அமுக்குவது போல இருந்தது. அப்போதுதான் குனிந்து நெஞ்சைப் பார்த்தாள். மூட்டை மாதிரி புடைத்து நின்றது. ஏறின நெஞ்சு இறங்கவே இல்லை. உள்ளே அனுப்பிய காற்றெல்லாம் மேலே மேலே சேர்ந்து, நடுவில் மாட்டிக்கொண்ட இதயத்துக்கு விரிய இடமில்லாமல் அது நின்றிருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் ஒரு படி கூடவா அளந்து கொடுத்திருக்கிறது?

பையை வெடுக்கென்று குழாயிலிருந்து பிடுங்கினாள்.

"என்ன பண்றீங்க?" டாக்டர் கத்தினார். "மூச்சே குடுக்காம..."

"குடுத்தது போதும். கையை எடுங்க டாக்டர்!"

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்கு அவர் கட்டுப்பட்டுக் கையை எடுத்தார். மிளகாய் இரண்டு விலாவிலும் உள்ளங்கையைப் பதித்து, மெதுவாக உள்நோக்கி அமுக்கினாள். குழாயின் வழியே காற்று உஸ்ஸென்று வந்தது. வந்துகொண்டே இருந்தது. பாதகத்தி, இவ்வளவையும் நானா உள்ளே திணித்தேன் என்று நினைத்துக்கொண்டே விடாமல் அமுக்கினாள். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. டாக்டர் கழுத்தில் விரலை வைத்துக் காத்திருந்தார்.

"வந்துடுச்சு," என்றார் டாக்டர். "பல்ஸ் வந்துடுச்சு சிஸ்டர்."

பையைப் புது சிஸ்டரிடம் கொடுத்தாள். அந்தப் பெண் ஒரு தரம் அழுத்திவிட்டு, உதடு அசைய எட்டு வரை எண்ணினாள். அவளை அழ வைத்த மிளகாய் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரத்தில் வென்டிலேட்டர் வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது. மயக்க மருந்து தணிந்த ஒரு இடைவெளியில் டாக்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது, நோயாளி கண்ணைத் திறந்து அவர் விரலைப் பிடித்தாள். பிழைத்துக்கொள்வாள், மூளைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கை கழுவுகிற இடத்தில் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல வேளை சிஸ்டர், சட்டுனு கழட்டினீங்க."

"அடைச்சதே நான்தான். வேகமா அழுத்திட்டேன்."

"தெரியும். அதைப் போய் வெளிய சொல்லிட்டிருக்காதீங்க. லேட்டா கொண்டுவந்ததால இதயம் நின்னுடுச்சுன்னு அந்தாளுகிட்ட சொல்லிடறேன். முழுப் பொய்யும் இல்ல. பயந்துபோயாவது இனிமே பூட்ட மாட்டான்ல?"

அதுவும் சரிதானே என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டர் வெளியே போய்ச் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று மிளகாய் கேட்டாள். கணவர் பெஞ்சில் தொப்பென்று விழுந்தார். "கேட்டுக்குங்க மாமா! நல்லா கேட்டுக்குங்க!" என்று தங்கை கத்தினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழட்டும். மிளகாய்க்கு அது இனித்தது. இல்லையென்று எப்படிச் சொல்வது? நன்றாகவே இனித்தது.

கண்ணாடி வழியாக உள்ளே கட்டிலைப் பார்த்தபோதுதான் அந்த இனிப்பு கசந்தது. அங்கே கிடப்பவளுக்கு என்ன தேவையென்று ஒருத்தன் வீட்டில் தீர்மானித்தான். இங்கே இரண்டு பேர் கை கழுவுகிற இடத்தில் நின்று, அவளுக்கு என்ன நடந்ததென்று தீர்மானித்துவிட்டார்கள், அவள் நல்லதுக்கென்று. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற வாய் இப்போது எங்கே போயிற்று? தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

"இங்க பாருங்க. டாக்டர் சொன்னது பாதிதான். உங்க மனைவிக்கு இதயம் நின்னதுக்குக் காரணம் நான். உங்களைத் திட்டிக்கிட்டே பையை வேகமா அழுத்திட்டேன். காத்து வெளிய வரமுடியாம நெஞ்சு அடைச்சுக்கிச்சு. அப்படி நடந்திருக்கக் கூடாது. என் தப்பு."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். தங்கை வாயைப் பொத்தினாள். கணவர் அழுகையை நிறுத்தி நிமிர்ந்தார். அவர் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, நிம்மதி.

"அப்போ... நான் பூட்டி வச்சதால இல்லல்ல?"

மிளகாய்க்கு அந்த ஆளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. கையைச் சேலைத் தலைப்புக்குள் மடக்கிக்கொள்ளச் சேலையும் இல்லை, சீருடைப் பையில்தான் திணித்துக்கொள்ள முடிந்தது.

"இங்க கொண்டுவந்து படுக்க வச்சது நீங்க. படுக்க வச்ச இடத்துல இதயத்தை நிறுத்தினது நான். ஒண்ணு இன்னொண்ணைக் கழிக்காது."

"அதெல்லாம் பேசாதீங்க!" நிம்மதி வந்ததும் அவருக்குக் குரலும் வந்துவிட்டது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "ஒரு உயிரோட விளையாடியிருக்கீங்க. என்னை என்ன பேச்சுப் பேசினீங்க! உங்க மேல கம்ப்ளெய்ன்ட் குடுக்காம விட மாட்டேன்."

"குடுங்க. குடுக்கணும்."

மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து, அடியில் வைத்து எழுத ஒரு அட்டையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தாள். "நானும் எழுதித் தரப்போறேன். நீங்க ஆரம்பத்துலேர்ந்து எழுதுங்க, காலையில என்ன நடந்துச்சுங்கறதுலேர்ந்து. நடுவுல ஆரம்பிச்சா யாருக்கும் புரியாது."

அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று பெரிய எழுத்தில் எழுதி அடியில் கோடு போட்டார். அடுத்த வரிக்கு வந்தார். 'இன்று காலை' என்று எழுதினார். பேனா நின்றது. ஆபீஸில் கணக்கில்லாமல் கடிதம் எழுதுகிற மனுஷன்தான். 'இன்று காலை'க்கு அடுத்த சொல் வரவில்லை. பேனா முனையைத் தாளில் வைத்தார், எடுத்தார். 'காலை'யை அடித்துவிட்டுப் 'பகல்' என்று எழுதினார்.

தங்கை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டையைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை அவர் விரலிலிருந்து எடுத்து, 'பகலை' அடித்தாள். குனிந்து விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தாள். காலை எட்டரை மணி, போன், வெந்நீர் என்று வரி வரியாக ஓடியது. பாதிப் பக்கத்தில் நிறுத்தி நிமிர்ந்தாள்.

"உங்க பேரு என்ன சிஸ்டர்?"

மிளகாய் முழுப் பேரையும் சொன்னாள். "பணியாளர்கள்னு பொதுவா எழுதிடாதம்மா. அழுத்தினது நான் ஒருத்திதான். என் பேரைப் போட்டு எழுது."

தங்கை எழுதிக்கொண்டாள். பிறகு மேலே, இன்ஹேலரைப் பூட்டி வைத்தவர் பேருக்கென்று இடம் விட்டிருந்த வரியில் பேனாவை வைத்தபடி பக்கத்தில் திரும்பினாள்.

"உங்க பேரை எப்படிப் போடட்டும் மாமா? முழுசா சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். அவர் முழுப் பேரையும் அவளே எழுதினாள்.