அண்ணனின் பெயரில் போன யுத்தம்

எனக்குக் கோபம் கெதியில் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் வந்து, 'கிறேஸ், நீ பங்குச் சுவாமியோடு அப்படிக் கத்தியிருக்கக்கூடாது' என்று எனக்குப் புத்தி சொல்லத் தேவையில்லை. கத்தினேன்தான். கத்தவேண்டி வந்தது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தை மாதம். விசுவமடுவில் ஒரு வெளிநாட்டு மருத்துவக் குழு கிழமைக்கு இரண்டு நாள் கிளினிக் நடத்தியது. அங்கே எனக்கு மொழிபெயர்க்கிற வேலை. நாங்கள் சண்டையால் முல்லைத்தீவுக் கரையை விட்டு வந்து எட்டு வருஷம். கடலும் இல்லை, வள்ளமும் இல்லை. கன்னியர்மடத்தில் படித்த இங்கிலிஷ்தான் எனக்கும் பப்பாவுக்கும் சோறு போட்டது. குழுவின் நேர்ஸ் பிலிப்பைன்ஸ்காரி. பெயர் லூர்தெஸ். எங்கள் சனம் மாதாவை நினைத்துக்கொண்டு அவளை 'லூர்து மிஸ்ஸி' ஆக்கிவிட்டது.

அன்று பப்பா பிரஷர் பார்க்க வந்திருந்தார். வஸ்தியாம்பிள்ளை, வயது எழுபத்திரண்டு, வாய் சும்மா இராது. ஷேட்டைக் கழற்றியதும் தோளில் கிடந்த பெரிய தழும்பைக் காட்டி, இது என்ன என்று மிஸ்ஸி கேட்டாள்.

"ஈஜிப்ற்," என்றார் பப்பா.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் இது ஊசிப்போன கதை. இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரனின் பயனியர் படையில் நாலு வருஷம் இருந்தாராம். பாலைவனத்தில் றோட்டுப் போட்டாராம், கப்பலில் வந்த குண்டுப்பெட்டிகளைச் சுமந்தாராம், மேலேயிருந்து பிளேன் அடித்ததாம். இதற்கெல்லாம் அத்தாட்சியாக ஒரு துண்டுக் கடிதாசிகூடக் கிடையாது. அம்மா சாகும்வரை நம்பவில்லை. பக்கத்துக் காணி வீரகத்தியண்ணை அவரைப் படைச் சார்ஜன்ட் ஆக்கி, "என்ன சாச்சன், இண்டைக்கு அணிவகுப்பு இல்லையோ?" என்று பகிடி விடுவார். நானும் நம்பவில்லை. தலைக்கு மேலே குண்டு போடுகிற கிபிர் பிளேன் சுற்றுகிற காலத்தில் எவனுக்கு வேண்டும் எகிப்து?

மிஸ்ஸி பிரஷர் பார்க்கிற பட்டியைக் கீழே வைத்தாள். "உங்கள் அப்பா போர்வீரரா?" என்று என்னைக் கேட்டாள். பிறகு தன் அப்பாவின் கதையைச் சொன்னாள். எமிலியோ பவுதிஸ்தா என்று பெயர். அமெரிக்கக் கொடியின் கீழ் நின்று ஜப்பான்காரனோடு சண்டை பிடித்தவர். அவரைப்போல் ஆயிரமாயிரம் பேர். சண்டை முடிந்த அடுத்த வருஷம் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டு, அவர்கள் செய்தது படைச்சேவையே இல்லை என்று சொல்லிவிட்டதாம். இப்போது எண்பதை நெருங்கிய கிழவர்கள் அமெரிக்காவில் ஊர்வலம் போகிறார்கள். நாங்கள் போர்வீரர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். அவள் அப்பா மணிலாவில் நோய் வருத்தத்தோடு படுத்திருக்கிறார். கடிதம் கொண்டுவருகிறவனின் சைக்கிள் மணி கேட்டால் இப்போதும் எழும்பி உட்காருவாராம்.

நான் ஒவ்வொரு வசனமாகப் பப்பாவுக்குச் சொன்னேன். அவர் கொதித்துப் போனார்.

"சாகேக்கை ஆமி, சண்டை முடிஞ்சாப் பிறகு ஆமி இல்லையாமோ? என்ன கதை இது!"

"உங்களுக்காக நான் லண்டனுக்கு எழுதுகிறேன்," என்றாள் மிஸ்ஸி. பேனையை எடுத்தாள். "படையில் என்ன பெயர்?"

பப்பா நிலத்தைப் பார்த்தார். "ஸ்ரீபன்."

"என்ன பப்பா விசர்க் கதை? உங்கட பேர் வஸ்தியாம்பிள்ளை எல்லோ!"

"அவ கேட்டது படையில என்ன பேரெண்டு. நீ எழுதச் சொல்லு."

மிஸ்ஸி Stephen என்று எழுதிக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் பப்பாவைப் பிடித்து உலுப்பினேன். அப்போதுதான் வெளியில் வந்தது. நாற்பத்திரண்டில் அவருக்குப் பதினாறு வயது. தகப்பன் கடலோடு போய்விட்டார். வீட்டில் அரிசி இல்லை, ஐந்து பிள்ளைகள். படைக்கு ஆள் எடுக்கிறவன் வயதுக்குச் சாட்சியாக ஞானஸ்நானத் துண்டு கேட்டான். எங்கள் ஆட்களுக்கு அதுதானே எல்லாம்? பிறந்ததற்கும் அதுதான், கலியாணத்துக்கும் அதுதான். பப்பாவுக்கு மூத்தவன் ஒருவன், ஸ்ரீபன் என்று பெயர், எட்டு மாதத்தில் செத்துப்போனான். இருந்திருந்தால் இருபது வயது. தாய் அந்தத் துண்டை எடுத்து இவர் கையில் வைத்து, "கொண்ணன் உன்னைப் பாத்துக்கொள்ளுவான், போ" என்று அனுப்பினாளாம்.

"சண்டை முடிஞ்சு கொழும்பில எங்களை வரிசையில விட்டவங்கள். பதக்கத்துக்குப் பதியிறவை வந்து சத்தியம் பண்ணுங்கோ எண்டவங்கள். பொய்த் துண்டு குடுத்தனெண்டு பிடிச்சு மறியல்ல பூட்டினாலெண்டு பயந்து வரிசையை விட்டு வந்திட்டன்."

அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. அம்மா சாகும்வரை நம்பாமல் இருந்ததையும் இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு பொறுத்திருக்கிறார். பாவம்.

லண்டனிலிருந்து பதில் வர எட்டு மாதம் பிடித்தது. மிஸ்ஸி வவுனியாவிலிருந்து கையோடு கொண்டுவந்தாள். ஸ்ரீபன் என்று ஒரு பயனியர் இருந்திருக்கிறார். தோளில் காயம் என்றும் பதிவிருக்கிறது. பதக்கங்களை ஒருவரும் கேட்டு வரவில்லை. கேட்கிறவர்தான் அந்த ஆள் என்று அவருடைய பங்குத் தந்தை எழுதித் தந்தால் அனுப்பலாம் என்று இருந்தது.

பப்பாவின் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஐம்பத்தாறு வருஷம் கழித்து ஒருவன் 'ஓம், நீ சொன்னது உண்மை' என்று சொல்லியிருக்கிறான். கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னார். நானும் வாசித்தேன், சலிக்காமல்.

எங்கள் பங்குச் சுவாமி எங்களோடேயே இடம்பெயர்ந்து வந்தவர். கோயில் புத்தகங்களைத் தகரப்பெட்டியில் வைத்துக் காத்துக்கொண்டு வந்தவர். அவரிடம் போய் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். புத்தகத்தை விரித்தார். ஸ்ரீபன் பிறந்ததும் இருந்தது, எட்டு மாதத்தில் அடக்கம் செய்ததும் இருந்தது. சுவாமி பப்பாவைப் பார்த்தார். பப்பா வாயே திறக்கவில்லை.

"ஏலாது, பிள்ளை. நான் எழுதித் தர ஏலாது."

"ஏன் ஃபாதர்?"

"ஏனெண்டும் சொல்ல ஏலாது."

அப்போதுதான் கத்தினேன். செத்த பிள்ளையின் கணக்கைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், உயிரோடு நிற்கிற மனுஷனைத் தெரியாதா என்று கேட்டேன். பெட்டியை எனக்குக் கொளுத்தத் தெரியும் என்றும் சொன்னேன். அது கொஞ்சம் கூடத்தான். சுவாமி குனிந்த தலை நிமிரவில்லை. நான் பப்பாவை இழுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன்.

"சுவாமியை ஏசாதை, பிள்ளை," என்றார் பப்பா வாய்க்கால் கரையில் வைத்து. "நான் அதைப் பாவசங்கீர்த்தனத்தில சொன்னனான். ஒவ்வொரு தவக்காலமும் சொல்லுறனான். அவர் எப்பிடி வெளியில எழுதுவார்?"

உலகத்தில் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஒரு மனுஷன். அவரிடம் போய், அவர் சாகும்வரை வாய் திறக்கமுடியாத இடத்தில் வைத்துப் பப்பா உண்மையைச் சொல்லியிருக்கிறார்! பாவமன்னிப்புக் கேட்கையில் காதால் கேட்டதைச் சுவாமி ஒருவருக்கும் கண் சிமிட்டிக்கூடக் காட்டமுடியாது.

"அப்ப அதை வெளியில ஒருக்காச் சொல்லுங்கோவன், பப்பா. சனத்துக்கு முன்னால சொல்லுங்கோ. அவரும் காது குடுத்துக் கேக்கட்டும்."

"என்ர அம்மா கோயில் துண்டில பொய் செய்தவா எண்டு ஊருக்குச் சொல்லட்டோ?"

"அவா பொய் செய்யேல்லை. பிள்ளையளுக்குக் கஞ்சி வைச்சவா."

பப்பா விறுவிறென்று முன்னால் நடந்தார். மூன்று நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவே இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம், சுவாமி ஆசீர்வாதத்துக்குக் கை தூக்கியபோது பப்பா எழும்பினார். கிடுகுக் கொட்டில் கோயில், இருநூறு சனம். வாசலில் சைக்கிளோடு வீரகத்தியண்ணை நின்றார். பப்பாவை ஏற்றி வந்தவர் அவர்தான்.

"எல்லாரும் கேளுங்கோ. சுவாமியும் கேளுங்கோ. நான் பதினாறு வயசில செத்துப்போன என்ர அண்ணன்ர பேரில சண்டைக்குப் போனனான். துண்டு தந்தது என்ர அம்மா. பசியில தந்தவா. ஸ்ரீபனெண்டு அங்க சுமந்ததெல்லாம் இந்தத் தோள்தான். என்ர பேர் வஸ்தியாம்பிள்ளை."

கம்பத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். குரல் நடுங்கவில்லை. வாசலிலிருந்து வீரகத்தியண்ணைதான் முதலில் கதைத்தார்.

"அட சாச்சன்! அப்ப நான் இவ்வளவு காலமும் மெய்யான ஆமிக்காரனையோ நக்கலடிச்சது?"

கொட்டில் சிரிப்பில் அதிர்ந்தது. பப்பாவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சுவாமி பூசை உடுப்போடேயே கதிரையில் இருந்து கடிதாசி எடுத்தார். "இப்ப கேட்டனான். இப்ப எழுதுவன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். சாட்சிக்கு வீரகத்தியண்ணை முதல் ஆளாகக் கையெழுத்து வைத்தார், வேதக்காரக் கோயிலில் நெற்றி நிறைய விபூதியோடு. நான் சுவாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். பெட்டியைக் கொளுத்தாமல் விட்டதற்கு நன்றி என்றார்.

அடுத்த ஆடியில் பார்சல் வந்தது. நாலு பதக்கம், ஒரு கடிதம். 'ஸ்ரீபன் என்ற பெயரில் சேவை செய்த போர்வீரர் வஸ்தியாம்பிள்ளை' என்று தட்டச்சில் அடித்திருந்தது. கிளினிக்கில் வைத்து மிஸ்ஸிதான் பப்பாவின் ஷேட்டில் பதக்கங்களைக் குத்திவிட்டாள். குத்திவிட்டு, கை கழுவுகிறேன் என்று பின்பக்கம் போனவள் வரவில்லை. போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதாள்.

அவள் அப்பா மாசி மாதமே செத்துப்போனாராம். அவருக்கு ஒரு கடிதமும் வரவில்லை. இங்கே ஒருவருக்கும் அவள் சொல்லவுமில்லை.

பப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே செருப்பைப் போட்டார். "சுவாமியிட்டைப் போவம்," என்றார்.

அந்த ஞாயிறு மிஸ்ஸியையும் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தொடங்குமுன் சுவாமி, அன்றைய பூசை யாருக்காக என்ற கருத்தை வாசித்தார். வழமையாக எங்கள் ஊர்ச் செத்தவர்களின் பெயர்கள்தான் வரும்.

"இன்றைய திருப்பலி, இறந்துபோன போர்வீரர் எமிலியோ பவுதிஸ்தா அவர்களின் ஆத்தும இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது. கேட்பவர், போர்வீரர் வஸ்தியாம்பிள்ளை."

பப்பா எழும்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சல்யூட் அடித்தார். சனம் முழுக்க எழும்பி நின்றது.

மிஸ்ஸிக்குத் தமிழ் விளங்காது. தன் அப்பாவின் பெயர் மட்டும் விளங்கியது. என் கையை இறுக்கிப் பிடித்தாள். "பெயருக்கு முன்னால் ஒரு சொல் சொன்னாரே, உன் அப்பாவுக்கும் அதையே சொன்னாரே, அது என்ன?" என்று கேட்டாள்.

போர்வீரர் என்று அவளுக்கு இங்கிலிஷில் சொன்னேன்.

இன்னொரு தரம் சொல்லு என்றாள். சொன்னேன்.