சின்னவன் பங்குக்கு வந்த ஹார்டு டிஸ்க்

பாகம் பிரிக்க அத்தையைக் கூப்பிட்டது பெரியவன் செய்த முதல் தப்பு. அப்பாவின் தங்கை, அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. வந்தாள், அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய போட்டோ ஸ்டுடியோவை ஒரு சுற்றுச் சுற்றினாள், ஒரே மூச்சில் முடித்துவிட்டாள்: "பதிச்சு வச்சது பெரியவனுக்கு. கழட்டக்கூடியது சின்னவனுக்கு. நாளைக்கு வருவேன், தகராறு இருந்தா அப்போ பேசிக்கலாம்."

அண்ணனும் தம்பியும் லேசுப்பட்டவர்களா? அத்தை தெருமுனை திரும்புவதற்குள் பெரியவன் கம்ப்யூட்டர் பெட்டியை மேசையோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டான். சுவர்க் கண்ணாடி, குடை விளக்கு, அட, படமெடுக்க ஆளை உட்காரவைக்கும் முக்காலியைக்கூடத் தரையோடு ஆணி அறைந்துவிட்டான். சின்னவன் மட்டும் சளைத்தவனா? ஏணி போட்டு ஏறி மின்விசிறியை இறக்கி, "பார், கழண்டுடுச்சு!" என்று தன் பக்கம் வைத்துக்கொண்டான். அதனால் மறுநாள் பஞ்சாயத்து வேர்த்து விறுவிறுத்துத்தான் நடந்தது.

சண்டை என்ன பெரிய சண்டை! பெரியவன் படமெடுப்பான், சின்னவன் அதைக் கம்ப்யூட்டரில் திருத்துவான். பெரியவன் எடுக்கும் குரூப் போட்டோவில் ரெண்டு பேராவது கண்ணை மூடியிருப்பார்கள். சின்னவன் உட்கார்ந்து ஒவ்வொருவருக்காய்க் கண்ணைத் திறந்துவிடுவான். இதை ஒருநாள் வாடிக்கையாளர் முன்னாலேயே போட்டு உடைத்தான்: "எங்கண்ணன் கேமராவைத் தூக்கினாலே எல்லாருக்கும் தூக்கம் வந்துடும்." பெரியவனுக்குச் சுருக்கென்றது. "அப்படின்னா தனியாப் போய்ப் பொழைச்சுக்கோ" என்று ஒரு வார்த்தையை விட்டான். விட்ட மறுகணமே, தம்பி இல்லாத ஸ்டுடியோவை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால்? வறட்டு ரோஷம் வேறு குறுக்கே நின்றது.

"கம்ப்யூட்டர் பதிச்சிருக்கு. பெரியவனுக்கு" என்றாள் மறுநாள் வந்த அத்தை.

"இரு அத்தே, என் பென்டிரைவை எடுத்துக்கிறேன்." சின்னவன் திரையின் மூலையைச் சொடுக்கினான். கழற்றி எடுக்கக்கூடியவை என்று கம்ப்யூட்டர் காட்டிய இடத்தில் பென்டிரைவுக்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. பெட்டிக்குள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்! இதுவரை எடுத்த படம் அத்தனையும் அதில்தான் இருந்தது.

"அத்தே, இங்க வந்து பாரு! இதையும் கழட்டலாமாம். கம்ப்யூட்டரே சொல்லுது!"

பெரியவன் முகத்தில் ஈயாடவில்லை. "டேய், அது வயித்துக்குள்ள இருக்குற குடல்டா! ஆட்டைக் கடிச்சு மாட்டைக் கடிச்சு கடைசியில என்னையே கடிக்கிறியா?"

அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை மோந்து பார்ப்பதுபோல் குனிந்தாள். "போட்டிருக்கே! மிஷினுக்கு அண்ணன் தம்பின்னு ஓரவஞ்சனை உண்டா? சின்னவனுக்குத்தான்."

சின்னவன் உற்சாகத்தில் அதன்மேல் ஒரு சொடுக்குச் சொடுக்கினான். இனிமேல் பயமில்லாமல் எடுக்கலாம் என்றது கம்ப்யூட்டர். அடுத்த நொடி படங்கள் இருந்த இடமே திரையில் காணோம்.

"ஐயோ!" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். பல நாளைக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

பக்கத்துத் தெருவிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் ஓடிவந்தார். "என்னண்ணே இப்படிப் புழுங்குது, ஃபேன் எங்க?"

"பாகத்துல போயிடுச்சு. நீங்க இதைப் பாருங்க" என்றான் பெரியவன்.

அவர் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். படங்கள் பத்திரமாகத் திரும்பி வந்தன. "ஒண்ணும் போகலண்ணே. ஓடிக்கிட்டு இருக்கும்போதே டிஸ்க்கைப் பிடுங்கி மாட்டுறதுக்கு மதர்போர்டுல ஒரு செட்டிங் உண்டு. அது ஆன்ல இருக்கு. அதனால உள்ள இருக்குற டிஸ்க்கையும் பென்டிரைவ் மாதிரி நினைச்சுக்குது. ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும்."

"பண்ணுங்க, உடனே பண்ணுங்க!" பெரியவன் குதித்தான்.

"அத்தே, தீர்ப்பு சொன்ன பிறகு சாட்சியைக் கலைக்கிறாங்க!" சின்னவன் கத்தினான்.

செட்டிங் மாறியது. இப்போது பென்டிரைவ் மட்டும் தனியாக நின்றது. அத்தை மறுபடி குனிந்து பார்த்தாள். "டிஸ்க் இல்லையே. அப்போ பெரியவனுக்கு."

சின்னவன் பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான், கட்டி வைத்திருந்த துணிப்பையைத் தோளில் மாட்டினான், வாசலைப் பார்த்து நடந்தான். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்ட பெரியவன் தம்பியின் முதுகையே பார்த்தான்.

"இந்தாங்க, அந்த செட்டிங்கைப் பழையபடி ஆன் பண்ணிடுங்க" என்றான் ரிப்பேர்காரரிடம்.

"எதுக்குண்ணே? இப்போதானே..."

"பண்ணுங்கன்னா பண்ணுங்க! டிஸ்க்கு அவன் பேருக்கே வரட்டும். ராப்பகலா உட்கார்ந்து உழைச்சவன் அவன்."

சின்னவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். திரும்பிப் பார்க்காமல் கேட்டான்: "டிஸ்க்கை எடுத்துக்கோன்னு சொல்ல வாய் வருது. போகாதேன்னு சொல்ல வரலையா அண்ணே?"

"வருதுடா. அந்த வார்த்தையை விட்டதுலருந்து வருது" என்றான் பெரியவன். "சொன்னா, தோத்துட்டேன்னு சிரிப்பியே."

சின்னவன் சிரிக்கவில்லை. பையை நடுவாசலில் போட்டுவிட்டு, அத்தையும் ரிப்பேர்காரரும் பார்க்கப் பார்க்க, ஓவென்று அழுதான்.