போன் சொன்ன பட்டுப்புடவை

மனைவி காலமான பிறகு, டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் தனியாக இருந்த சிவலிங்கம் மகனோடு சேர்ந்துதான் பேங்க் கணக்கு வைத்திருந்தார். இங்கே அவர் போனைக் காட்டிப் பணம் கொடுத்தால் சென்னையில் மகன் அருண்பிரசாத்தின் போன் சிணுங்கும். ஜிலேபி வாயில் கரைவதற்குள் அழைப்பு வந்துவிடும்.

"அப்பா, மறுபடியும் ஸ்வீட் கடையா? உங்க சுகர் எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?"

ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தாலும், "எதுக்கு ரெண்டாயிரம்?" என்பான்.

பக்கத்து வீட்டு வசந்தகுமாரியிடம் புலம்பினார்.

"அரே அண்ணே, இதுக்கா டென்ஷன்? நாளைக்கு என்கூட பஜாருக்கு வாங்க" என்றாள் அவள்.

மறுநாள் அவள் எடுத்த பட்டுப்புடவைக்கும், வாங்கிய மல்லிகைக்கும், பியூட்டி பார்லருக்கும் சிவலிங்கமே போனைக் காட்டினார். அவள் அந்தத் தொகையை அங்கங்கே நோட்டாக அவர் கையில் வைத்தாள். அதில் அவர் நிம்மதியாக ஜிலேபி தின்றார்.

சாயங்காலம் மகன் அழைத்தான். குரலே மாறியிருந்தது.

"அப்பா... பட்டுப்புடவை, பூ, பார்லர்... அங்க என்ன நடக்குது?"

"நீதான் எல்லாத்தையும் படிக்கிறியே. உனக்கு என்ன தோணுது?"



"நான் குறுக்க நிக்கல அப்பா. கணக்குல இருந்து என் பேரை எடுத்துடலாம். நீங்க என்ன வாங்குறீங்கன்னு எனக்கு இனிமே தெரியவே வேணாம். ஆனா அவங்க யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"அது என் சொந்த விஷயம்டா" என்று கறாராகச் சொல்லிப் போனை வைத்தார் சிவலிங்கம். அதற்குமேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.