மைக் விழுங்கிய சொல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. என் அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே வாய்தவறி உளறியது. உளறிய கையோடு, தன் தலைமேல் என் கையை இழுத்து வைத்து, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுடி" என்றாள். பண்ணினேன். எழுத மாட்டேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். என் அத்தான் பல் டாக்டர். அவரிடம் ஒரு விமானம் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை விற்கப்போகிறார். "வேண்டாம்" என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும், விற்க மாட்டார். அக்கா சொல்ல மாட்டேன் என்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"நீல வானில் வெண்பறவை ஒன்று சிறகை விரித்து..." சீ, எனக்கே கூசுகிறது.

"பல் பிடுங்குகிறவருக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று ஊரே..." பொய். ஊர் அப்படியெல்லாம் கேட்கவில்லை. ஊருக்கு அதன் பாடே பெரும்பாடு.

"மோட்டார் கிளைடர் என்பது யாதெனில்..." இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் இதைச் சொல்லாமல் கதை நகராது. அத்தான் தன் நோயாளிகளிடம் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்: ஊசி போடும்போது மட்டும்தான் வலிக்கும், அப்புறம் ஒன்றும் தெரியாது.

நீளமான இறக்கை, மூக்கில் சின்ன இன்ஜின். இன்ஜினின் பலத்தில் ஓடி மேலே ஏறலாம். போதுமான உயரம் வந்ததும் நாமே இன்ஜினை நிறுத்திவிட்டு, சூடான காற்று எங்கே மேலே எழும்புகிறதோ அங்கே சுற்றிச் சுற்றி மிதக்கலாம். காற்று கைவிட்டால் மறுபடி இன்ஜினை உசுப்பி ஊர் ஊராகப் போகலாம். இரண்டே இருக்கை, அடுத்தடுத்து, தோளோடு தோள் இடிக்கும்படி. கொட்டகையில் அதைக் குறுக்காகத் தள்ளித்தான் நிறுத்த முடியும். பறந்து வந்ததும் இறக்கையின் முன்விளிம்பில் அப்பியிருக்கும் பூச்சிகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அத்தான் அதைக் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோலக் குனிந்து குனிந்து பார்த்துத் துடைப்பார்.

3

இரண்டாவது வரைவைப் படித்துவிட்டுப் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார்.

"பல் டாக்டர், சரி. விமானம் எதுக்குங்க? வாசகர் நம்ப மாட்டார். பேசாம ஒரு காரா மாத்திடுங்களேன்."

"கார்ல நடக்காது சார்."

"கார்ல நடக்காதது அப்படி என்ன நடந்துடுச்சு?"

பேச்சை மாற்றிவிட்டேன். சத்தியம் இருக்கிறதல்லவா? ஆனால் உங்களிடம் இவ்வளவு சொல்லலாம். ஓடுகிற காரில் யாரும் இன்ஜினை நிறுத்த மாட்டார்கள். சாதாரண விமானத்தில் நிறுத்தினால் குலதெய்வத்தைக் கூப்பிட வேண்டியதுதான். இன்ஜினே இல்லாத கிளைடரில் நிறுத்த ஒன்றும் இல்லை. பறந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருப்பவளிடம், ஆசையாக, "நிறுத்தட்டுமா?" என்று கேட்க முடிகிற வண்டி உலகத்தில் இது ஒன்றுதான். என் கதைக்கு இதுதான் வேண்டும். ஆசிரியர் வேண்டுமானால் அவர் கதையில் கார் ஓட்டிக்கொள்ளட்டும்.

(அத்தான் பாத்திரத்தின்மேல் எனக்கே ஒரு சந்தேகம் உண்டு. ஒரு மனிதர் இவ்வளவு சாதுவாக இருப்பாரா? எதையும் கேட்காமல் செய்ய மாட்டார். "ஆரம்பிக்கட்டுமா?" "கொஞ்சம் அழுத்தட்டுமா?" நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் கைவிட்டு வந்த பழக்கம். முகக்கவசத்துக்குள்ளேயே பேசிப் பேசிக் குரலும் பஞ்சாகிவிட்டது. இதையெல்லாம் கொஞ்சம் குறைத்து எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்.)

4

அக்காவைப் பற்றி. இவள் இந்தப் பத்திரிகையிலேயே பிழை திருத்துகிறவள். அவள் வீட்டில் விளக்கை "ஆஃப்" பண்ண முடியாது. "அணை" என்றால்தான் அணையும். அத்தான் கல்யாணமான புதிதில் தடுமாறினார், பிறகு பழகிக்கொண்டார். அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காக அவர் பழகிக்கொண்ட சொற்களை எழுதினால் ஒரு சின்ன அகராதியே போடலாம்.

விமானம் வாங்கியதிலிருந்து அக்கா அதில் ஏறவில்லை. "எனக்கு மாடிப்படி போதும்" என்பாள். போன மாதம் ஒரு காலை, என்ன தோன்றியதோ, புடவையை மாற்றிச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. பெல்ட்டை அவரே மாட்டிவிட்டார். காதில் கேட்கும் கருவியை மாட்டிவிட்டார், அதிலிருந்த மைக்கை அவள் உதட்டருகே திருப்பிவிட்டார்.

"மேல போனதும் ஒண்ணு பண்ணப்போறேன். பயப்படக் கூடாது" என்றார்.

"என்னது?"

"மேல போய்ச் சொல்றேன்."

ஏறினார்கள். ஆறு கீழே வளைந்து தெரிந்தது. இன்ஜின் காதைப் பிளந்துகொண்டிருந்தது. அத்தான் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் காதில் அவர் குரல் வந்தது:

"...அணைச்சிடட்டுமா?"

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். எழுதுகிற எனக்கே முகம் சிவக்கிறது.

5

அக்கா கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்றாள்.

பிள்ளைகள் வேலைக்குப் போய், வீடு காலியாகி, இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு வேலையாக இருந்து பழகிப்போன வருடங்கள். இந்த மனுஷன் இப்போதாவது கேட்டாரே என்று இருந்ததாம் அவளுக்கு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன்னைக் கட்டிப் பிடிக்கப்போகிறார் என்று காத்திருந்தாள். 'கையை எடுத்தால் யார் ஓட்டுவது' என்றுகூடத் தோன்றவில்லையாம். அதுதான் எனக்கு ஆச்சரியம். மாடிப்படியே போதும் என்றவள்.

இன்ஜின் நின்றது. மூக்கில் சுழன்ற விசிறி நின்றது. காற்று மட்டும் சன்னமாக உரசிப் போயிற்று. கண்ணைத் திறந்தாள். அத்தானின் இரண்டு கைகளும் கருவிகள்மேல் இருந்தன. முகமெல்லாம் பல்லாக, "எப்படி இருக்கு?" என்றார்.

"கீழ போகலாம்."

"ஏம்மா?"

"கீழ போகலாம்னா போகலாம்."

அவர் இன்ஜினைக் கிளப்பப் பார்த்தார். பழைய பேட்டரி; இரண்டு தடவை இருமி அடங்கி, மூன்றாவது தடவைதான் பிடித்தது. அதில்தான் அவள் மிரண்டுவிட்டாள் என்று அத்தான் முடிவுகட்டிவிட்டார். இறங்கியதிலிருந்து இன்றுவரை பேட்டரிக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். புது பேட்டரியும் போட்டாயிற்று.

"பேட்டரியாம் பேட்டரி!" வெங்காயம் வெட்டுகிற வேகத்தைப் பார்த்து நான் தள்ளி உட்கார்ந்தேன். "அணைங்கறது செயப்படுபொருள் குன்றா வினைடி. எதைங்கறதைச் சொல்லணுமா வேண்டாமா? விக்கட்டும். எனக்கென்ன?" கண்ணீர் வெங்காயத்தால் வந்தது என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவள் அழுதாள்.

6

கதைக்குத் தகவல் வேண்டும் என்று சாக்குச் சொல்லி, நான் அத்தானோடு ஏறினேன். அவள் உட்கார்ந்த அதே இருக்கை, அவள் மாட்டிய அதே காதுக்கருவி.

"...பாரு, தெரியுதா?" என்றது காதில் அவர் குரல்.

"எதைப் பாக்கறது அத்தான்?"

"பாலத்தைப் பாருன்னு சொன்னேனே."

கொஞ்ச நேரம் கழித்து, "...கொஞ்சம் திறக்கவா?" என்றார். ஜன்னலை. முதல் சொல் வரவே இல்லை.

கேட்டேன். சிரித்தார். அவர் வாயருகே இருக்கும் மைக், குரல் வந்தால்தான் விழித்துக்கொள்ளுமாம். மெதுவாகப் பேசுகிறவர் என்றால் அது எழுந்து உட்காருவதற்குள் முதல் சொல் போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் முதலில் ஒரு கனைப்புக் கனைத்து அதை எழுப்பிவிட்டுத்தான் பேசுவார்களாம். பெண்டாட்டியிடம் ஆசையாக ஒன்றைக் கேட்கும்போது எந்த மனிதர் கனைத்துவிட்டுக் கேட்பார்?

ஆக, அவர் "இன்ஜினை" என்று சொல்லியிருக்கிறார். இலக்கணத்தில் அத்தான்மேல் ஒரு குற்றமும் இல்லை.

"...காகத்தான் இதை வாங்கினேன்" என்றார் திடீரென்று.

"யாருக்காக?"

"உங்க அக்காவுக்காக. ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து, சத்தம் எல்லாம் நின்னு, பேசிக்கிட்டே போகலாம்னு. வீட்டுல எங்க பேசறோம்?"

"அப்ப ஏன் விக்கறீங்க?"

"பயந்துட்டாம்மா. இன்ஜினை நிறுத்துறதுக்கு முன்னாடி அவ முகத்தைப் பாத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. தைரியமா இருக்கற மாதிரி காட்டிக்கிறான்னு நினைச்சு நானும் நிறுத்திட்டேன். அந்த முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது. அவளைப் பயமுறுத்திட்டு இது எதுக்கு எனக்கு?"

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. என் கை அவள் தலையில் வைத்த கை. பாலத்தைப் பார்த்தேன்.

7

முடிவுகள்.

முதலாவது: ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வருகிறார், எடுத்துக்கொண்டு போகிறார். அத்தானும் அக்காவும் ஆளுக்கொரு அறைக்குத் திரும்புகிறார்கள். நடக்கக்கூடியது இதுதான். எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது: அக்கா ஓடுதளத்தில் மூச்சிரைக்க ஓடி வருகிறாள்... அவளுக்கு முழங்கால் வலி. தவிர, வழியில் 'உள்ளே வராதிர்கள்' என்று பலகை இருக்கிறது. அதைத் திருத்தாமல் தாண்ட மாட்டாள்.

மூன்றாவது: தங்கை சத்தியத்தை மீறி எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாள்... நான் அப்படிப்பட்டவள் இல்லை. நான் கதை எழுதுகிறவள். எழுதினேன். அச்சுக்குப் போகுமுன் எல்லாமே பிழை திருத்தும் மேசைக்குத்தான் போகும். அங்கே யார் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு கோடு இழுத்தால் போதும், ஐந்தும் ஆறும் காணாமல் போய்விடும். இழுக்கட்டும் என்று துணிந்து அனுப்பினேன்.

8

இன்று திரும்பி வந்தது. முதல் நான்கு பகுதிகளும் ரத்தக்களறி. என் ஒற்றெழுத்துகளின் யோக்கியதை அப்படி. ஆறாவதில் ஓர் ஓரத்தில் மட்டும் பேனா வெகுநேரம் ஊன்றி நின்றதுபோல மை பரவியிருந்தது, திருத்தம் எதுவும் இல்லை. ஐந்தாவதில் ஒரே ஒரு திருத்தம். "கட்டி பிடிக்க" என்று எழுதியிருந்தேன். நடுவில் ஒரு 'ப்' சேர்த்திருந்தாள்.

கூப்பிட்டேன்.

"அக்கா, அஞ்சாவது பகுதி..."

"எழுத்துப்பிழை பாக்கறதுதான் என் வேலை. கதையில கைவைக்கறது இல்ல."

"இதழ் வெள்ளிக்கிழமை அத்தானோட கிளினிக்குக்குப் போயிடும்க்கா."

"தெரியும்டி. நான்தானே கொண்டுபோய்க் குடுக்கப்போறேன்."

வைத்துவிட்டாள்.

முடிவு என்னிடம் இல்லை, வாசகரே. எனக்கும் உங்களுக்கும் இதற்குமேல் அங்கே வேலை இல்லை. அத்தான், நாற்காலியில் யாராவது வாயைத் திறந்தபடி காத்திருந்தால் முதலில் அவரைக் கவனித்து அனுப்பிவிடுங்கள். வெளியே வந்து பாருங்கள். இதழைக் கொடுத்துவிட்டு அவள் இன்னும் வரவேற்பறையிலேயேதான் உட்கார்ந்திருப்பாள்.